ஓட்டுறதுக்கு ஒரு பழைய கார்: எதைப் பார்த்து வாங்கணும்?

இன்றைக்கு ஒரு கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மதுரையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கையில 3 லட்சம் ரூபாய் இருக்கு. பழைய கார் ஒண்ணு வாங்கி ஞாயித்துக்கிழமையில குடும்பத்தோட ஓட்டணும். அம்பாசிடரா, பத்மினியா? வீட்டுல, காசைக் கொண்டுபோய் ஷெட்டுல நிறுத்தப் போறீங்கன்னு சொல்றாங்க."

வீட்டில் சொல்வது நியாயமான பயம்தாங்க. ஆசையாக வாங்கி, ஆறு மாதம் மெக்கானிக்கிடம் நிறுத்தி, பிறகு தார்ப்பாய் போட்டு மூடிவைத்த கார்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு வாங்குகிற கார் வேறு, ஓட்டுவதற்கு வாங்குகிற கார் வேறு. ஓட்டுவதற்கு என்றால் அரிதான வண்டியைத் தேடாதீர்கள். உங்க ஊர் மெக்கானிக்குக் கை பழகின வண்டியைத் தேடுங்கள்.

கிளப்காரர்கள் கணக்கில் 'விண்டேஜ்' என்பது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகள். அது நம்ம பட்ஜெட் இல்லை. நாம் பேசுவது 1960-லிருந்து 1990 வரைக்குமான வண்டிகள். அதில் நாலைப் பார்ப்போம்.

முதலில் பத்மினி. 1964-ல் பியட் 1100 டிலைட்டாக வந்த வண்டிதான் 1974-ல் பிரீமியர் பத்மினி ஆனது. 1089 சிசி என்ஜின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். ஓட்டுகிற சுகத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். அம்பாசிடரைவிடச் சின்ன வண்டி, கைக்கு அடங்கும், கியர் விழுகிற விதமே ஒரு தனி ருசி. ஆனால் பாடி துருப்பிடிக்கும்.

அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மாடலிலிருந்து வந்தது. மேற்கு வங்கம் உத்தரபாராவில் 2014 வரைக்கும் தயாரானது. டாக்ஸியாகவும் அரசாங்க வண்டியாகவும் ஓடித் தீர்த்ததால் சாமான் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். ஆறு பேர் உட்காரலாம். 1489 சிசி பழைய பெட்ரோல் என்ஜின் மெதுவானது. 90-களில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜின் வண்டி நெடுஞ்சாலைக்கு எவ்வளவோ மேல்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம சென்னைக்காரன். பானெட்டை முழுசாக முன்பக்கம் கவிழ்த்தால் என்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். சின்ன வட்டத்தில் திரும்பும். அழகான வண்டிதான், ஆனால் சாமானுக்கு அலைய வேண்டும். முதல் பழைய கார் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நாலாவது, பலபேர் கணக்கிலேயே எடுக்காத மாருதி 800. 1983 டிசம்பரில் வந்த முதல் மாடலுக்கு இப்போது 40 வயது தாண்டிவிட்டது. 796 சிசி, மூணு சிலிண்டர், எடை குறைவு. 1986-க்குப் பிறகு வந்த மாடல் என்றால் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். சிரிக்காதீங்க, கார்பரேட்டர் வைத்த நல்ல 800-ஐ மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள். எல்லோரும் என்ஜின் சத்தத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் ஒரு கணக்கில் முடியும். டிங்கரிங் வேலைக்குக் கணக்கே கிடையாது. ஒரு ஓட்டையைத் திறந்தால் பக்கத்தில் நாலு ஓட்டை இருக்கும்.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவின் அடிப்பாகம், வீல் ஆர்ச், கதவுக்குக் கீழே ஓடுகிற பாடி ஓரம், இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கும்போது அந்தப் பக்கக் கதவு சரியாகத் திறந்து மூடவில்லை என்றால் பாடி தளர்ந்துவிட்டது, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வண்டிக்கு அடியில் புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கடற்கரை ஊர் வண்டியைவிடக் கோவை, மதுரைப் பக்க வண்டியில் துரு குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது ஆர்.சி. புக். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் நீங்களே தேடிப் படியுங்கள். அந்தக் காலத்தில் பெட்ரோல் வண்டியில் டீசல் என்ஜினைத் தூக்கி வைப்பது சாதாரணம். அந்த மாற்றம் புக்கில் ஏறவில்லை என்றால் தலைவலி உங்களுக்குத்தான். காருக்கு முதல் பதிவு 15 வருஷம், பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர் வண்டி என்றால் ஆன்லைன் பதிவில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். "பேப்பர் எல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம் சார்" என்று சொன்னால் பணத்தையும் அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். 2021-ல் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. பதிவாகி 50 வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால் விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை அழகர்கோவில் போய்வரணும் என்பவருக்கு அது வேண்டாம். சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கிற வண்டியாகவே வாங்குங்கள்.

இப்போது என்ஜின். நீங்கள் போகும்போது அது ஆறியிருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. கறுப்பு என்றால் பெரும்பாலும் கார்பரேட்டர் வேலை, பயப்பட வேண்டாம். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மூணாவது கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், கியர் தானாகத் துள்ளி வெளியே வருகிறதா? பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஸ்டீயரிங்கில் எத்தனை விரல் ஆட்டம்?

பிரேக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். நம் நாட்டில் முன் சீட் பெல்ட் கட்டாயமானதே 1994-ல்தான். முன்னால் போகிற புது வண்டி நிற்கிற தூரத்தில் உங்க வண்டி நிற்காது. இடைவெளி விட்டு, 60, 70-ல் போகிற பொறுமை இருந்தால்தான் இந்தச் சந்தோஷம். குழந்தைகளை ஏற்றுவதாக இருந்தால், பெல்ட் மாட்டுவதற்குப் பாடியில் நல்ல உறுதியான இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே மெக்கானிக்கிடம் கேளுங்கள். வண்டி வாங்கினதும் முதல் செலவு பிரேக், டயர், ஒயரிங். பெயிண்ட் கடைசி.

பெட்ரோலையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாப்ரம் இதற்குத் தாங்காது. கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயம். எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

மதுரை நேயருக்கு என் பதில் இதுதான். 3 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்கு மேல் வண்டிக்குப் போகாதீர்கள். மீதி 1 லட்சம் முதல் வருஷத்துக்கு. குடும்பம் பெரிது என்றால் இசுசு என்ஜின் அம்பாசிடர். நீங்களும் இன்னொருவரும்தான் என்றால், துரு இல்லாத பத்மினி. துரு இல்லாத பத்மினி சிக்கவில்லை என்றால் காத்திருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. அதற்குள் உங்க ஊரில் பிளாட்டினம் பாயிண்ட் செட் பண்ணத் தெரிந்த மெக்கானிக் யார் என்று கண்டுபிடித்து, அவரையே வண்டி பார்க்கக் கூட்டிப்போங்கள். வாங்கிய பிறகு வாரம் ஒருமுறையாவது 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்துக் கெட்ட பழைய கார்கள்தான் அதிகம்.

அடுத்த எபிசோடில் கார்பரேட்டரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்று பார்ப்போம். உங்க வண்டிக் கேள்விகளை அனுப்புங்கள்.