குனிந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள்

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு கட்டடக்கலை பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே எல்லாரும் அண்ணாந்தே பழகியவர்கள். அண்ணாமலையார் கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம், 217 அடி. அதைத் தினமும் பார்க்கிற கண்ணுக்கு வேறு எதைக் காட்டினாலும், "இதில் என்ன இருக்கிறது?" என்றுதான் தோன்றும். இன்று நான் சொல்லப்போகும் கட்டடங்களில் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. கொஞ்சம் குனிய வேண்டும்.

பாப்டிஸ்ட் சபையாரின் ஆராதனைக் கூடத்தில் கருவறை மாதிரி ஓர் இடம் கிடையாது. பிரசங்க மேடை, எதிரே பெஞ்சுகள், வெளிச்சத்துக்குப் பெரிய ஜன்னல்கள். பேசுகிறவர் குரல் கடைசி வரிசைவரை கேட்டால் போதும். அலங்காரம் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் பல கூடங்களில் மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே படி வைத்த தொட்டி இருக்கும். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இவர்களிடம் இல்லை. விவரம் தெரிந்த வயதில், தானாக விரும்பி, முழுக்கு ஞானஸ்நானம். நம் கோயிலில் சிவகங்கைத் தீர்த்தம் வானம் பார்த்துக் கிடக்கிறது. இவர்களோ குளத்தைக் கூரைக்குள் கொண்டுவந்து பலகை போட்டு மூடினார்கள். பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியும் தோழர்களும் கல்கத்தா லால் பஜாரில் 1809இல் திறந்த கூடத்தில்தான், பின்னால் பர்மாவுக்குப் போன மிஷனரி ஜட்சன் 1812இல் முழுக்குப் பெற்றார்.

சரி, போதகர் வீட்டுக்கு வருவோம். என் கணக்கில் கூடத்தைவிட அதில்தான் மூளை அதிகம். நான் சொல்வது கொல்லிமலை வாழவந்தி வீடு. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், 1913இல் எவ்லினை மணந்த கையோடு மலையேறினார். இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு சுற்றி பஸ் போகிறது. அன்று ஒற்றையடிப் பாதையும் டோலியும்தான். கட்டட வேலை தெரிந்தவர். மரத்தை அடிவாரப் பக்கம் சேந்தமங்கலத்திலேயே அறுத்து, இழைத்து, பகுதி பகுதியாக ஆட்கள் தலையில் ஏற்றி மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மரவீடு என்றால் கறையான் விடுமா? வீட்டைத் தரையில் உட்காரவிடாமல் கல்தூண்களின் மேல் நிறுத்தினார். ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்த மாதிரி ஒரு தகடு. கறையான் சும்மா ஏறாது. மண்ணைக் குழைத்துக் குழாய் கட்டி, அதற்குள் இருட்டிலேயே ஊர்ந்து ஏறும். தூண் முழுக்கக் கட்டிக்கொண்டு வரலாம். தகட்டின் அடிக்கு வந்ததும் பாதை கீழ்நோக்கி வளைகிறது. விளிம்பைச் சுற்றி வெளியே வந்துதான் மேலே போக வேண்டும். அங்கே அது கட்டும் மண் கண்ணில் பட்டுவிடும், ஒரு குச்சியால் தட்டிவிடலாம். சிற்பிக்கு இதில் ஒன்றுமில்லை. தச்சர் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்.

கறையானைத் தடுத்தவரால் கொசுவைத் தடுக்க முடியவில்லை. 1929இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். அந்த வீட்டில் வளர்ந்த மகன் பால் பிராண்ட், டாக்டர் ஆவதற்கு முன் தானும் கட்டட வேலை கற்றவர். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைப் பக்கத்து வேலூரில் செய்தார். கை தேறியவர்கள் தங்கித் தொழில் பழக அவர் எழுப்பிய நவஜீவ நிலையம் பெரிய மாளிகை அல்ல, கிராமத்து மண்வீடுகள்தான்.

எவ்லின் அம்மையாரோ, எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தும் ஊர் திரும்பவில்லை. நமக்குத் தெற்கே இருக்கும் கல்வராயன் மலைக்குப் போனார். கூடவே ஒரு வீடும் போனது: எட்டடிக்கு எட்டடி, கழற்றித் தூக்கிக்கொண்டு அடுத்த ஊரில் மாட்டிக்கொள்ளலாம்.