மதத்தைப் பற்றி மார்க்ஸ் சொன்னது என்ன?



"மதம் அபின் என்றார் உங்கள் மார்க்ஸ். சாமி கும்பிடுகிறவனுக்குச் செங்கொடிச் சங்கத்தில் என்ன வேலை?" கூலி உயர்வு கேட்டு நாம் திரளும்போதெல்லாம் முதலாளியின் ஆட்கள் இப்படிக் கேட்டு நம்மைக் கலைக்கப் பார்க்கிறார்கள்.

1844-ல் வெளிவந்த கட்டுரையில் அந்தச் சொல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய வரிகளை இவர்கள் படிப்பதே இல்லை. மனிதனின் மெய்யான துயரம் மதத்தில் வெளிப்படுகிறது, அத்துயரத்தை எதிர்க்கும் குரலும் அதில் இருக்கிறது என்கிறார் அங்கே. மேலும், அபின் அக்கால ஐரோப்பாவில் வெறும் போதைப் பண்டமல்ல, வலிக்கு மருந்து. இங்கிலாந்தில் பஞ்சாலை வேலைக்குப் போன தாய்மார்கள், கைக்குழந்தை அழாமல் கிடக்க அபின் கலந்த மருந்தைப் புகட்டிவிட்டுப் போனார்கள். 1845-ல் எங்கெல்ஸ் இதை எழுதினார். பின்னர் 'மூலதனம்' நூலில் மார்க்சும் எழுதினார். அந்தத் தாயைத் திட்டி என்ன பயன்? பிள்ளையிடமிருந்து அவளைப் பிரித்த ஆலை நேரத்தையல்லவா குறைக்க வேண்டும்!

மார்க்ஸ் நாத்திகர்தான். ஆனால் சட்டம் போட்டுக் கடவுளை ஒழிக்கலாம் என்று நம்பியவரல்ல. 1868-ல் பக்கூனின் கூட்டத்தார் தங்கள் திட்டத்தில் நாத்திகத்தைப் பிரகடனம் செய்தபோது, நம்பிக்கையை ராஜகட்டளையால் ரத்து செய்ய முடியுமா என்று ஓரத்தில் எழுதிக் கேலி செய்தார்.

1871-ல் பாரிஸ் கம்யூன் அரசையும் சர்ச்சையும் பிரித்தது. பாதிரிமாருக்குக் கஜானாவிலிருந்து போன பணத்தை நிறுத்தியது. அதை மார்க்ஸ் மெச்சினார். பாதிரிமார் இனி பக்தர்கள் தரும் காணிக்கையில் வாழட்டும் என்றார். பக்தர்களை யாரும் தடுக்கச் சொல்லவில்லை.