வயிற்றுக்கு இதமான வெந்த பழம்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, வெறும் தேநீரோடு மரம் சீவச் செல்கின்றீர்கள். வியர்வை பெருகுகின்றது, குடிக்கும் நீரோ குறைவு. மலம் கழிக்கும் உணர்ச்சி வந்தாலும், "இந்த நிரை முடியட்டும்" என்று அடக்கிக் கொள்கின்றீர்கள். பிறகு மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? சம்பள நாளில் கடைக்குச் சென்று பேதி மாத்திரை வாங்குகின்றீர்கள். அந்தக் காசை மிச்சப்படுத்தவே வந்திருக்கின்றேன். லயத்தின் பின்புறம் வாழையும் பப்பாளியும் நிற்கின்றனவே!

பழத்திலுள்ள நார்ப்பொருள் இரைப்பையில் செரிப்பதில்லை. அது பெருங்குடலை அடைந்ததும், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கு உணவாகும் அமிலங்களை உண்டாக்குகின்றன. நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குவதும் நாரே. வேகவைப்பதால் அது அழிவதில்லை, மென்மையாகின்றது. பல் போன பாட்டிமாருக்கும் இது ஏற்றது.

நன்கு பழுத்த பீசாங் ஆவாக் நான்கினை வட்டமாக நறுக்குங்கள். இரண்டு குவளை நீரில் தட்டிய இஞ்சித் துண்டும், முடிச்சிட்ட பண்டான் இலையும் இட்டு, கொதித்ததும் பழத்தைச் சேர்த்துப் பத்து நிமிடம் சிறுதீயில் வேகவிடுங்கள். மலாய் அன்பர்களின் பெங்காட்டில் தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் தாராளம். நாம் இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்ப்பாலோடு நிறுத்துவோம். பழமே இனிப்புத்தானே! நீரிழிவு உள்ளவர்கள் வெல்லத்தைத் தொடவே வேண்டாம். பழத்தையும் அளவோடு உண்ணுங்கள்.

பப்பாளியையும் இவ்வாறே சமைக்கலாம். ஆனால் அதன் செரிமானச் சத்து கொதிநீரில் குன்றிவிடும். வைட்டமின் 'சி'யும் குறையும். ஆதலால் அடுப்பை அணைத்த பின்னரே துண்டுகளைப் போட்டு மூடி வையுங்கள்.

இனி முக்கியமான செய்தி. நான் ஆசிரியனாக இருந்த தோட்டத்தில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. "கொடுத்தால் இன்னும் போகும்" என்று இரண்டு நாள் நீரும் கஞ்சியும் கொடாது வைத்திருந்தனர். நாங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது, அதன் கண்கள் குழிவிழுந்திருந்தன. குழந்தை பிழைத்தது, அந்த முகத்தை இன்றும் நான் மறக்கவில்லை.

போக்கு கண்டால் முதலில் நீர்தான். மருந்தகத்தில் தரும் உப்புக்கரைசல் தூள் சிறந்தது. அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். உப்பு மிகுந்தால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

சோறு உண்ணத் தொடங்கிய குழந்தைக்கு, வாழைக்காயைத் தோலோடு பத்து நிமிடம் அவித்து, உரித்து மசித்துக் குழைந்த சாதத்தில் கலந்து ஊட்டலாம். வங்காள தேசத்தின் டாக்காவில், நீடித்த வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளுக்கு இவ்வாறு கொடுத்துப் பயன் கண்ட ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. காயிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி செரியாமல் பெருங்குடலுக்குச் சென்று, நாரைப் போலவே வேலை செய்கின்றது. பழுத்தால் அது சர்க்கரையாகிவிடும். எனவே போக்குக்குக் காய், சிக்கலுக்குக் கனி என்று நினைவில் வையுங்கள்.

மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ வாழைக்காயை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அதோ, அடுப்பில் பழம் வெந்துவிட்டது. குவளையோடு வாருங்கள், சூடு ஆறுமுன் சுவைத்துப் பார்ப்போம்.