பெயர் போடாத குரல்



திரை முழுக்க இருட்டு. ரயில் ஓடும் சத்தத்தின் மேல் கரகரத்த ஆண்குரல் ஒன்று, யாரோ ஒருவன் பிறந்த கதையைச் சொல்கிறது. நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்று மெல்லப் பெரிதாகிறது. அது சுரங்கப்பாதையின் வாய். வெளியே நியூயார்க். 1961-இல் வந்த 'பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்' என்ற அமெரிக்கப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆலன் பேரன் எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்த கறுப்பு வெள்ளைப் படம்.

கதை சின்னது. பிராங்கி போனோ கூலிக்குக் கொலை செய்பவன். கிறிஸ்துமஸ் சமயத்தில் கிளீவ்லாந்திலிருந்து வருகிறான். ஒரு கும்பல் தலைவனைக் கொல்ல வேண்டும். துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். அவன் நடக்கிறான், பின்தொடர்கிறான், காத்திருக்கிறான். விளக்கு அலங்காரம் ஜொலிக்கும் தெருக்களில், கடைவாசல்களில், பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே அவன் ஒருவன் மட்டும் தனியாள்.

அந்தத் தனிமையை நாம் உணர்வது குரலால்தான். படம் முழுக்க அது பிராங்கியை 'நீ' என்றே கூப்பிடுகிறது. அவன் வெறுப்பை, பயத்தை அவனுக்கே எடுத்துச் சொல்கிறது. கேட்கக் கேட்க, நம்மைத்தான் சொல்கிறதோ என்று உடம்பு கூசும்.

குரலுக்குரியவர் லயனல் ஸ்டாண்டர். அந்த வசனத்தை எழுதியவர் வால்டோ சால்ட். கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கலைஞர்கள் இருவரும். அதனால் படத்தில் ஸ்டாண்டரின் பெயரே இல்லை. சால்ட் 'மெல் டேவன்போர்ட்' என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டார். பின்னாளில் 'மிட்நைட் கவ்பாய்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர் இந்த சால்ட்தான். ஊரோடு ஒட்டமுடியாதவனின் மனதை இவ்வளவு கிட்டத்தில் நின்று எழுத, ஒதுக்கப்பட்ட ஒருவரால்தான் முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

ஒரு காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். அநாதை இல்லத்தில் கூட வளர்ந்த நண்பன் ஒருவன் எதிர்ப்பட்டு, பிராங்கியைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இழுத்துப் போகிறான். அங்கே இருவரும் தரையில் தவழ்ந்து, வேர்க்கடலையை மூக்கால் தள்ளிப் போட்டி போடுகிறார்கள். ஆளைக் கொல்ல வந்தவன் அந்த ஒரு நிமிடம் சின்னப் பையனாகிவிடுகிறான். படத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம், எந்தக் கொலையும் அல்ல, இதுதான்.

முடிவைச் சொல்லமாட்டேன். கடைசிக் காட்சியில் நாணலைப் புரட்டியெடுக்கும் காற்று மட்டும் நிஜம். 1960-இல் டோனா சூறாவளி நியூயார்க்கைத் தாக்கியபோது, ஜமைக்கா விரிகுடாவின் சதுப்பு நிலத்தில் போய் எடுத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரப் படம்தான். ராத்திரியில், சத்தத்தை நன்றாக வைத்துப் பாருங்கள்.