சோர்ந்தவரோடு நடப்போம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



ஆரணியில் ஒரு முதல் வெள்ளிக்கிழமை. நோயாளிகளுக்கு நற்கருணை வழங்க, பட்டு நெசவு செய்யும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. அவருடைய தறி சும்மா கிடந்தது. கட்டிலைவிட்டு இறங்க வீட்டார் விடுவதில்லை. தண்ணீர்ச் சொம்புகூடக் கைக்கே வந்துவிடும். நானும் செபித்துவிட்டு, "அசையாம நல்லா ஓய்வெடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த மாதம் போனபோது அவர் இன்னும் தளர்ந்திருந்தார். "சாமி, படுத்தேதான் கெடக்கறேன். ஆனாலும் அசதி போகமாட்டேங்குது" என்றார். அந்த வாரம் வேலூரில் மருத்துவர் அவரிடம், "தினமும் எவ்வளவு நேரம் நடக்கறீங்க?" என்று கேட்டாராம். வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

அன்பர்களே, நாம் அன்பினால் செய்கிற தவறு இது. படுத்தே இருந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் சிறு வேலைக்கும் மூச்சு வாங்குகிறது. அதனால் மறுபடியும் படுக்கிறோம். சிகிச்சை நடக்கும்போதே மிதமான உடற்பயிற்சி செய்தால் இந்த அசதி குறைகிறது என்பதால், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2022-இல் அதைப் பரிந்துரைத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் முறையாகப் பயிற்சி செய்தவர்களில், எட்டாம் ஆண்டில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83 பேர். உடற்பயிற்சி மருந்துக்குப் பதில் அல்ல. மருந்தோடு சேர்ந்த துணை.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச் செடியின் அடியில் படுத்துவிட்டார். வானதூதர் அவரைத் திட்டவில்லை. தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மறுபடியும் படுத்தார். தூதர் இரண்டாம் முறையும் வந்தார். அதன் பிறகுதான் ஓரேபு மலையை நோக்கிய அந்த நாற்பது நாள் நடை. உணவு, உறக்கம், நடை மூன்றும் அவருக்கு இறைவன் தந்த கொடை.

முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி, இரத்தக் கசிவு இருக்கும் நாளில் நடக்க வேண்டாம். எலும்புக்குப் பரவியிருந்தால், இரத்த அணுக்கள் மிகக் குறைந்திருந்தால், அவர் சொல்லும் அளவு மட்டுமே. மற்ற நாள்களில் ஐந்து நிமிடம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். மார்பக அறுவை ஆனவர்கள், பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரில் விரல்களை மெல்ல ஏற்றிப் பழகினால் தோள் இறுகாது.

அந்த அம்மா விடியற்காலையில் தெருவில் இறங்கினார். தெருவில் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். முதல் நாள் அந்தப் பாவின் பாதித் தூரம்கூட முடியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். சில வாரங்களில் பாவின் நீளம் முழுவதும் போய்த் திரும்பினார். பாவு போடுகிறவர்கள், "வாக்கா, இன்னைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்களாம். "அந்தக் கேள்விக்காகவே எழுந்திரிப்பேன் சாமி" என்றார். சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது சொம்பைத் தானே எடுத்துக் குடிக்கிறார்.

நம் பங்கில் நோயுற்றோர் இருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும். பழம் வாங்கிக்கொண்டு போகிறோம், நல்லதுதான். இனிமேல் செருப்பைக் கழற்றுவதற்கு முன், "வாங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். அவர் முடியாது என்றால் கோபிக்காதீர்கள். வானதூதரும் இரண்டு முறை வந்தார்.

எம்மாவு வழியில் சீடர்களோடு நடந்த ஆண்டவரே, நோயுற்ற எம் சகோதர சகோதரிகளோடு நடந்தருளும். அவர்களோடு நடக்க எங்களுக்கும் நேரமும் பொறுமையும் தாரும். ஆமென்.