லேப் கவுண்ட் தப்பா, இல்ல மனசு தப்பா? வெண்டெல் ஸ்காட்டின் கதை

இன்னைக்குக் கார் ரேஸ் கதை. கார் பிடிக்காதவங்களும் கிளம்பிடாதீங்க, இது கார் பத்தின கதை மட்டும் இல்ல.

1963 டிசம்பர் 1. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம், ஜாக்சன்வில். அரை மைல் நீளமுள்ள மண் தடம், மொத்தம் 200 லேப். ரேஸ் முடிஞ்சதும் பக் பேக்கர் ஜெயிச்சதா அறிவிக்கிறாங்க. கோப்பை, போட்டோ, கைதட்டல் எல்லாம் அவருக்கு. கூட்டம் வீட்டுக்குக் கிளம்புது. ஆனா நிஜமா முதல்ல வந்தவர் வெண்டெல் ஸ்காட். கொஞ்சநஞ்ச இடைவெளி இல்ல, மத்த எல்லாரையும் விட ரெண்டு லேப் முன்னாடி!

யார் இவர்? 1921-ல் வர்ஜீனியா மாநிலம் டான்வில்லில் பிறந்த கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக். ஊருக்குத் திரும்பி வந்து கார் ரிப்பேர் பார்த்தார், ராத்திரியில கள்ளச்சாராயமும் கடத்தினார்.

சிரிக்காதீங்க, அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸிங்கோட ஒரு முக்கியமான வேர் இந்தக் கள்ளச்சாராயம்தான். வரி கட்டாத சாராயத்தை மலைப்பாதையில, போலீஸ் கையில சிக்காம கொண்டு போகணும். பார்க்க சாதாரண ஃபோர்டு கார் மாதிரி இருக்கணும், உள்ள இன்ஜின் மட்டும் பேயா பறக்கணும். அப்படி ஓட்டிப் பழகினவங்க, யார் கார் வேகம்னு ஞாயித்துக்கிழமை மண் தடத்துல மோதிப் பார்த்தாங்க. இந்த விளையாட்டை ஒழுங்குபடுத்த 1948-ல் பில் ஃபிரான்ஸ் தலைமையில் உருவான அமைப்புதான் நாஸ்கார்.

1952-ல் டான்வில்ல ரேஸ் நடத்தினவங்களுக்கு டிக்கெட் விக்கணும். ஒரு கறுப்பின ஓட்டுநரை இறக்கினா கூட்டம் வரும்னு கணக்குப் போட்டாங்க. ஊர்லயே வேகமா ஓட்டுற கறுப்பினத்தவர் யாருன்னு போலீஸ்கிட்டயே போய்க் கேட்டாங்க. போலீஸ் சொன்ன பேர் வெண்டெல் ஸ்காட். துரத்தித் துரத்திக் களைச்சுப் போனவங்களுக்குத் தெரியாதா அவர் வேகம்?

அவங்களுக்கு அது ஒரு நாள் வேடிக்கை. அவருக்கு வாழ்க்கையே அதுதான்னு ஆயிடுச்சு. சில தடங்கள்ல அவரை உள்ளயே விடல. விட்ட இடத்துலயும் கேலரியிலிருந்து வசவு வரும், தடத்துல வேணும்னே வந்து இடிப்பாங்க. அவர் திருப்பி இடிக்கல. பயம் இல்ல, கணக்கு! சண்டை வந்தா முதல்ல வெளியே போறது தானாத்தான் இருக்கும்னு அவருக்குத் தெரியும்.

1961-ல் நாஸ்காரோட உச்சப் பிரிவுக்கு வந்தார். பெரிய டீமுக்குக் கார் கம்பெனிகள் புது இன்ஜின் கொடுக்கும். இவர்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட் கார், பழைய பாகங்கள், பிட் க்ரூவா சொந்தப் பசங்க. இன்ஜினைப் பிரிச்சுக் கட்டுறது, காரை இழுத்துட்டுப் போறது, ஓட்டுறது எல்லாம் இவரே. ஜாக்சன்வில்ல ஓட்டினதும் இன்னொரு ஓட்டுநர்கிட்ட வாங்கின செவ்ரலே, நம்பர் 34.

சரி, அந்த நாளுக்கு வருவோம். கடைசி 25 லேப் இருக்கும்போது கோளாறான காரோட திணறிக்கிட்டிருந்த ரிச்சர்ட் பெட்டியை ஸ்காட் தாண்டுறார். 200 லேப் முடிச்சாச்சு, கொடி விழல. இன்னும் ஓடுறார். கடைசியில கொடி பேக்கருக்கு விழுது.

ஸ்காட் சும்மா போகல. லேப் கணக்கைத் திரும்பப் பாருங்கன்னு கேட்டார். சுமார் ரெண்டு மணி நேரம் கழிச்சு, ஆமா, நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. பரிசுப் பணம் கைக்கு வந்தது. கோப்பை அதுக்குள்ள பேக்கரோட போயாச்சு, கைதட்ட ஆளும் இல்ல.

அந்தக் காலத்துல சென்சார் கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஒரு ஆள் உட்கார்ந்து, கார் கடக்கும்போதெல்லாம் அட்டையில குறிப்பாங்க. ஒரு இன்ஜினியரா நான் முதல்ல யோசிச்சது, டேட்டா என்ட்ரி தப்பா இருக்கலாமேன்னுதான். கையால எண்ணும்போது தவறு நடக்கும். ஆபீஸ்ல நாங்களும் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ரூட் காஸ் எழுதுவோம், பெரும்பாலும் 'ஹ்யூமன் எரர்'னு முடிச்சுடுவோம்.

ஆனா பிழையை விட, அதைத் திருத்துன விதம்தான் நிறைய சொல்லுது. தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே கோப்பையைத் திருப்பி வாங்கிக் கொடுத்திருக்கலாம். செய்யல. அழகுராணி ஜெயிச்சவருக்கு முத்தம் கொடுக்கிறது அங்க வழக்கம். வெள்ளைக்காரப் பொண்ணு ஒரு கறுப்பினத்தவருக்கு முத்தம் கொடுக்கிறதைக் கூட்டத்துக்குக் காட்டப் பயந்தாங்கன்னு ஸ்காட் குடும்பம் கடைசி வரை நம்புச்சு. அதே வருஷம் செப்டம்பர்லதான் பர்மிங்ஹாம் சர்ச்சுல குண்டு வெச்சு நாலு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்னாங்க. அந்தக் காலம் அப்படி.

ஸ்காட் உச்சப் பிரிவுல மொத்தம் 495 ரேஸ் ஓட்டினார். அதுல அவர் ஜெயிச்சது அந்த ஒண்ணுதான். 1973-ல் டாலடேகாவில் நடந்த பெரிய விபத்து அவர் ரேஸ் வாழ்க்கையை ஏறக்குறைய முடிச்சு வைத்தது. 1990-ல் இறந்தார். 2015-ல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தாங்க. 2021 ஆகஸ்டில், டேடோனாவில், நாஸ்கார் அவர் குடும்பத்திடம் ஜாக்சன்வில் கோப்பையைக் கொடுத்தது. கிட்டத்தட்ட 58 வருஷம் கழிச்சு! அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள பப்பா வாலஸ் டாலடேகாவில் ஜெயிச்சு, அந்தப் பிரிவுல வென்ற ரெண்டாவது கறுப்பின ஓட்டுநர் ஆனார்.

ரெக்கார்டுல பேரை மாத்த ரெண்டு மணி நேரம் போதுமா இருந்தது. ஆனா எல்லார் முன்னாடியும் கோப்பையைத் தூக்கி நிக்கிற அந்த ஒரு நிமிஷத்தை ஸ்காட்டுக்கு யாராலயும் திருப்பிக் கொடுக்க முடியல. உங்க டீம்ல யாராவது 'என் கணக்கைத் திரும்பப் பாருங்க'ன்னு சொன்னா, கூட்டம் கலையறதுக்கு முன்னாடியே பாருங்க.