ஒரு நாள் குஞ்சின் இனமறிதல்

(கால்நடை பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

முட்டையை விட்டு வெளிவரும் கோழிக்குஞ்சின் வயிற்றினுள் மஞ்சட்கருவின் எச்சம் தங்கியிருப்பதால், ஏறக்குறைய மூன்று நாட்கள் வரை அது தீனியும் நீருமின்றி உயிர் தாங்கக் கூடியது. ஒரு நாள் குஞ்சு வணிகம் என்னும் பெருந்தொழில் இயற்கையின் இந்த ஏற்பாட்டின் மீதே எழுந்துள்ளது. ஒரு நகரில் பொரித்த குஞ்சு, துளையிட்ட அட்டைப் பெட்டியில் பயணம் செய்து மறுநாள் வேறொரு மாநிலத்தின் சிற்றூரை அடைகிறது. அது எந்த இனம் என்பதைப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு சொல்கிறது. சீட்டு பொய்யாயின், உண்மை வெளிப்படச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் தீனிக்கும் மருந்துக்கும் செலவிட்ட பணம், பெரும்பாலும் கடனாகப் பெற்ற பணம், கரைந்து போயிருக்கும். ஆகவே, குஞ்சின் தோற்றத்தைக் கொண்டு எவ்வளவு அறிய முடியும், எவ்வளவு அறிய முடியாது என்பது வெறும் ஆர்வத்திற்குரிய வினா அன்று.

முதலில் கண்ணில் படுவது தூவியின் நிறம். வெள்ளை லெகார்ன் குஞ்சு மஞ்சள் நிறமுடையது. ஆயினும் வெண்ணிற இறைச்சிக்கோழியின் குஞ்சும் மஞ்சள் நிறமே. வளர்ந்தபின் இறகு வெண்மையாகும் இனங்கள் பலவற்றிற்கும் இது பொது. ரோடு ஐலண்டு ரெட் குஞ்சு செம்பழுப்பு நிறத்தில் பிறக்கும். காட்டுக்கோழியின் குஞ்சுக்கு முதுகில் நீளவாக்கில் கோடுகள் உண்டு. நம் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பலவற்றிலும் அவை காணப்படுகின்றன. சருகுகளிடையே பருந்தின் கண்ணுக்குத் தப்புவதற்கு இக்கோடுகள் துணை செய்கின்றன.

நிறத்தைவிட உறுப்பமைப்பு நம்பகமானது. கொண்டையின் வடிவம் முதல் நாளிலேயே ஓரளவு புலப்படும். ஒற்றைக்கொண்டை மெல்லிய பல்வரிசை போலவும், அசீல் இனத்திற்குரிய பட்டாணிக்கொண்டை தாழ்ந்து அகன்றும் இருக்கும். பிரம்மா, கொச்சின் இனங்களின் குஞ்சுக்குக் காலிலும் தூவி உண்டு. சில்க்கி, டார்க்கிங் ஆகியவற்றிற்கு ஐந்து விரல்கள். கேரளத்தின் திருவனந்தபுரம் வட்டாரத்தில் காணப்படும் கழுத்தில் இறகற்ற கோழியின் குஞ்சு பிறக்கும்போதே வெறுங்கழுத்துடன் இருக்கும்.

ஆனால் இவை யாவும் ஓர் இனத்தை விலக்குவதற்குப் பயன்படும் அளவுக்கு, அதனை உறுதிப்படுத்தப் பயன்படுவதில்லை. பட்டாணிக்கொண்டை இல்லாத குஞ்சு தூய அசீல் அன்று என்று ஐயமின்றிக் கூறலாம். பட்டாணிக்கொண்டை உடையதெல்லாம் அசீல் ஆகிவிடாது. தனித்தனி மரபணுக்கள் தனித்தனியே அடையாளங்களைத் தருகின்றன. இனம் என்பது அவற்றின் தொகுதி.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கருநிறக் குஞ்சுகள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா வட்டாரத்தில் பில், பிலாலா பழங்குடியினர் வளர்த்துவரும் கடக்நாத் கோழியின் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் அக்குஞ்சுகளுக்கு நாடெங்கும் கிராக்கி பெருகியது. கிராக்கி பெருகிய இடத்தில் போலியும் முளைக்கும். (இக்கோழி கருநிற முட்டையிடும் என்பது வெறும் கதை, ஓட்டின் நிறம் வெளிர் பழுப்பு.)

கடக்நாத் குஞ்சின் தூவி நீலம் பாய்ந்த கருமை; முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகள் இருக்கும். கருப்பு ஆஸ்திரலார்ப் குஞ்சும் கருப்பே. ஆயினும் அதன் வயிற்றுப்புறமும் சிறகு நுனியும் வெளுத்திருக்கும். குஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்கால் வெண்மையாகத் தெரியும். கடக்நாத்தின் அலகும் தோலும் காலும் உள்ளங்காலும் கருமையோடியவை. உள்ளங்கால் வெளுத்த குஞ்சைக் கடக்நாத் என்று விற்பவரை அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்தலாம்.

கலப்பினக் குஞ்சு வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர்களான பேட்சனும் புன்னெட்டும் 1911-இல் வெளியிட்ட ஆய்வில், சில்க்கிக் கோழியின் கருந்தோல் பரம்பரையாக இறங்கும் விதத்தை விளக்கினர். சில்க்கிச் சேவலைப் பழுப்பு லெகார்ன் பெட்டையோடு சேர்த்தபோது, பெண்குஞ்சுகள் அடர்ந்த கருந்தோலுடனும் ஆண்குஞ்சுகள் வெளிறிய தோலுடனும் பிறந்தன. கருமையைத் தடுக்கும் காரணி பால் குரோமோசோமில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். கோழியினத்தில் தாய் தன் இசட் குரோமோசோமை மகனுக்கு மட்டுமே வழங்குகிறாள். லெகார்ன் தாயின் தடைக்காரணி மகன்களைச் சேர்ந்தது, மகள்களுக்குக் கிட்டவில்லை. சில்க்கியிலும் கடக்நாத்திலும் கருமையைத் தோற்றுவிப்பது ஒரே மரபணு மாற்றமே என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆகவே, கடக்நாத் சேவலுக்கும் வேற்றினப் பெட்டைக்கும் பிறந்த பெண்குஞ்சின் தோலும் உள்ளங்காலும் கருத்தே இருக்கக்கூடும். தாயிடம் அத்தடைக்காரணி இல்லையெனில் ஆண்குஞ்சும் கருக்கும்.

இதே விதியை நன்மைக்குப் பயன்படுத்தியதும் உண்டு. பட்டைக்கோடுடைய பிளைமத் ராக் பெட்டையை ரோடு ஐலண்டு ரெட் சேவலுடன் சேர்த்தால், கருங்குஞ்சுகளில் தலையில் வெண்புள்ளி உடையவை ஆண், இல்லாதவை பெண் என்று பொரித்த நாளிலேயே பிரித்துவிடலாம். இங்கும் தாயின் குரோமோசோம் மகனுக்குச் செல்வதே காரணம். இவ்வாறு பால் அறிவதில் நிறம் துல்லியமாகப் பயன்படுவது, பெற்றோர் இனம் முன்னரே தெரிந்திருப்பதால்தான். பெற்றோர் தெரியாதபோது அதே நிறம் ஊமையாகிவிடுகிறது.

எனவே, கொள்முதலுக்குப் பொறுப்பான அலுவலர் ஒரு குஞ்சை எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பெட்டி முழுவதையும் ஆராய்வது நலம். ஒரு பெட்டியில் ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகளின் உள்ளங்கால் கருத்தும் பாதி வெளிறியும் இருக்குமாயின், தாய்க்கோழிகள் வேற்றினம் என்று ஐயுற இடமுண்டு. புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களில் குஞ்சுகளைத் தாய்ப்பண்ணையில் நான்கு வாரம் வளர்த்துப் பின்னர் பயனாளிகளுக்கு வழங்கும் முறை இவ்வகையிலும் பயன் தருகிறது. அதற்குள் இறகு முளைத்துவிடுவதால், முதல் நாள் மறைந்திருந்த கலப்பு ஓரளவு வெளிப்பட்டுவிடும்.

இவற்றிற்கு மேலான சோதனை பொரிப்பகத்தின் பதிவேட்டில் உள்ளது. பொரித்த நாளுக்கு 21 நாட்கள் முன்னதாக முட்டை வைத்த குறிப்பு இருத்தல் வேண்டும். அந்த முட்டைகளை இட்ட பெட்டைகள் எத்தனை என்பதையும் பார்க்கவேண்டும். கடக்நாத் பெட்டை ஆண்டொன்றுக்கு இடுவது ஏறத்தாழ 100 முட்டைகளே. அக்கணக்கின்படி 100 பெட்டைகள் உள்ள பண்ணையில் வாரத்திற்கு 190 முட்டைகளுக்கு மேல் கிடைப்பது அரிது; அவையும் முழுவதும் பொரிப்பதில்லை. அத்தகைய பண்ணை வாரந்தோறும் 1,000 தூய கடக்நாத் குஞ்சுகளை அனுப்புவதாகச் சீட்டு கூறுமானால், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மீதிக் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம்.